மூழ்கிய கப்பலும் என் அண்ணனின் பெயரும்

தொண்ணூறுகளின் பிற்பகுதி. ரொறன்ரோவுக்கு வந்து, கொலிஜில் சேர்ந்திருந்த காலம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். அதனால் ஆசிரியர்கள் எதைச் சொன்னாலும் தட்டாமல் செய்வேன். அடிமைகளைக் கொண்டுபோய் விற்றுவிட்டுத் திரும்பும்போது மூழ்கிய பழைய கப்பலொன்றின் பொருட்கள் ஊர் ஊராகக் கண்காட்சிக்கு வருகின்றன, பார்த்து எழுதுங்கள் என்றார் சரித்திர ஆசிரியர்.

மில்லிக்கனில் அம்மாவோடும் என்னோடும் ஒரே வீட்டில் இருந்த மச்சான் சிரித்தான். “கறள் பிடிச்ச இரும்பு பாக்கவோ டவுன்ரவுனுக்குப் போறாய்? வெளியில நிக்கிற என்ர காரைப் பார், காணும்.”

வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருக்கும் பெண்ணோடு போனேன். அவளுடைய பெற்றோர் ஜமெய்க்காவிலிருந்து வந்தவர்கள். மங்கலான மண்டபம். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் சமையல் அண்டா, பாசிமணிகள், கப்பலின் பெயர் பொறித்த மணி. கடைசியாக இரும்புக் கைவிலங்குகள். அதில் ஒரு சோடி சின்னப் பிள்ளையின் கைக்குத்தான் அளவாக இருக்கும். அவள் அதற்கு முன்னால் நின்று அழுதாள். முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து அவளை அணைத்துக்கொண்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. பொறாமைதான் வந்தது.

என் அண்ணன் கடலுக்குப் போய் உழைத்து என்னைப் படிக்கவைத்தவன். சண்டைக் காலத்தில் சனத்தை ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்குப் போன அவனது வள்ளம் கரை சேரவில்லை. இங்கே என்னவென்றால், எத்தனையோ தலைமுறைக்குப் பிறகு கடலுக்குள் இறங்கி, ஒரு பாசிமணியைக்கூட விடாமல் பொறுக்கி, துடைத்து, வெளிச்சம் போட்டு, பக்கத்தில் காவலாளியையும் நிறுத்தியிருக்கிறார்கள். அண்ணனைத் தேடி அடுத்த நாள்கூட ஒருவரும் இறங்கவில்லை. அவனது வள்ளத்தின் ஒரு பலகைத் துண்டு கிடைத்திருந்தால் போதும், அம்மா அதைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பா.

வெளியே வாங்கில் இருவரும் உட்கார்ந்திருந்தபோது அடக்க முடியவில்லை. அண்ணனின் கதையைச் சொல்லி, “உங்களுக்கு வந்து அழ ஒரு இடமாவது இருக்கு” என்றேன். கொஞ்சம் காட்டமாகவே வந்துவிட்டது.

அவள் கோபிக்கவில்லை. அண்ணனின் பெயரைக் கேட்டாள். சொன்னேன். வாயில் சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்:

“கப்பலுக்குப் பெயர் இருக்கிறது. கப்டனுக்கும் இருக்கிறது. அந்த விலங்கைப் போட்டிருந்த பிள்ளைக்கு இல்லை. என் ஆட்களில் யார் எந்தக் கப்பலில் வந்தார்கள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. உன்னைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.”

இருவரும் சப்வேக்கு நடந்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவை றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அர்ச்சனைக்கு ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். அம்மா எல்லோரையும் சொல்லிவிட்டு, வழக்கம்போல அண்ணனிடம் வந்ததும் குரலைத் தாழ்த்தினா. உயிரோடு இருப்பவர்களோடு அவனையும் சேர்த்துச் சொல்கிறாவே என்று நான் எப்போதும் வேறெங்காவது பார்ப்பேன். அன்று ஐயருக்குக் கேட்கும்படி அவன் பெயரை நானே சொன்னேன்.

“வடிவாச் சொன்னாய்” என்றா அம்மா.

அந்தப் பொறாமை அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால், ஒன்றுமே மிஞ்சவில்லை என்று நான் புலம்பிய இடத்தில், என்னிடம் இருந்த ஒரு பெயருக்காக இன்னொருத்தி ஏங்கினாள் என்பதை நினைக்காமல் இன்றுவரை அண்ணனின் பெயரை என்னால் சொல்ல முடிவதில்லை.