பஞ்சநதத்தின் இரண்டாவது அடுப்பு

கீழ்வேளூருக்குக் கிழக்கே எங்கள் ஊரில், நில உச்சவரம்பைப் பற்றிக் கட்சி மேடையில் பேசப் பஞ்சநதத்தை விட்டால் ஆளில்லை. உழுபவனுக்கே நிலம் என்று அவர் முழங்கும்போது, அவர் நிலத்தை உழுகிறவர்கள்தான் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டுவார்கள். தட்டாதவனை மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்.

அப்பேர்ப்பட்ட சட்டம் உண்மையாகவே வந்துவிட்டது. அதை அவர் எதிர்பார்க்கவில்லை. குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கர். அவரிடம் இருந்ததோ இருபத்திரண்டு. மிச்ச ஏழு ஏக்கரைக் காப்பாற்ற, மகன் ரெத்தினம் பாகம் பிரித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டதாக எழுதிக் கொடுத்தார். போன தூரம், கொல்லைக் கொட்டகை வரை. அதில் ஓர் அடுப்பும் போட்டார். தனி அடுப்பு இருந்தால் தனிக் குடும்பம், வருகிறவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

அடுப்பைப் பற்றவைப்பதில்தான் தகராறு.

"நல்ல நாள் பாத்து பால் காச்சாம புது அடுப்புல நெருப்பு வைக்க மாட்டேன்" என்றார் மனைவி மங்களாம்பிகை.

"பஞ்சாங்கம் பாக்குற வீடாடி இது? நாலு பேரு என்ன பேசுவான்?"

"அப்ப அந்த நாலு பேரையே வந்து பத்தவைக்கச் சொல்லுங்க."

இருவரும் விட்டுக்கொடுக்காமல் ஐந்து மாதம் ஓடியது. ரெத்தினம் மூன்று வேளையும் அம்மா சமையலைச் சாப்பிட்டுக்கொண்டே தனிக்குடித்தனம் நடத்தினான்.

ஆடி மாதம் ஒருநாள் காலை, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் பத்து மணிக்குப் பார்வையிட வருகிறார் என்று தலையாரி ஐயாவு வந்து சொன்னார். பஞ்சநதம் தானே வரட்டியும் தீப்பெட்டியுமாகக் கொட்டகைக்கு ஓடினார். ஒரு பானைச் சோறு பொங்கிச் சுவரில் கொஞ்சம் கரி பிடித்தால் போதும், ஏழு ஏக்கர் தப்பித்துவிடும். அடுப்பு வாய்க்குள் கையை விட்டார். சுரீரென்று ஒரு கொத்து விழுந்தது.

உள்ளே கானாங்கோழி. வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் வேலிப்புதரில் கத்தித் திரிகிற பறவை, கோரையையும் குச்சியையும் அடுக்கி ஆறு முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. முதுகு கறுப்பு, வாலடி சிவப்பு. கட்சி நிறத்திலேயே இருந்தும் பேச்சாளருக்கு மரியாதை தரவில்லை.

"மங்களம், கூடையக் கொண்டா. இதத் தூக்கி வேலில போடணும்."

மங்களாம்பிகை வந்து பார்த்துவிட்டுக் குறுக்கே நின்றார். மருமகள் அமிர்தத்துக்கு ஏழாவது மாதம்.

"புள்ளத்தாச்சி இருக்குற வீட்டுல கூட்டக் கலைப்பீங்களா? கைய வச்சீங்கன்னா எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்."

"ஏழு ஏக்கருடி!"

"பேரப்புள்ளைக்கு எத்தன ஏக்கர்னு வெல போட்டு வச்சிருக்கீங்க?"

மூடநம்பிக்கையை எதிர்த்து இருபது வருடம் பேசியவர் வரட்டியைக் கீழே போட்டார். தனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாதாம், அவள் மனசு நோகக் கூடாதாம். வேலியோரம் நின்ற என்னிடம், கேட்காமலே சொன்னார்.

இன்ஸ்பெக்டர் லியாகத் அலி பத்து மணிக்கே வந்துவிட்டார்.

"இங்கதான் உங்க மகன் சமைக்கிறாருங்களா?"

"தெனமும்ங்க."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு... விரதம்ங்க."

லியாகத் அலி குனிந்து பார்த்தார். பறவை கழுத்தை நீட்டியது. "யாரு விரதம் இருக்காங்கன்னு தெரியுதுங்க" என்றார்.

"மெதுவாப் பேசுங்க சார்" என்றார் மங்களாம்பிகை. "பயந்து எழுந்திருச்சின்னா முட்டையெல்லாம் வீணாப் போயிரும்."

லியாகத் அலி குரலைத் தாழ்த்தினார். புகையே படாத அடுப்பு, ஒரே குடும்பம், ஏழு ஏக்கர் உபரி என்று எழுதியதைக் கிசுகிசுப்பாகப் படித்துக் காட்டினார். பஞ்சநதம் வாயைத் திறந்தார். மங்களாம்பிகை உதட்டில் விரலை வைத்து முறைத்தார்.

"எங்கங்க கையெழுத்து?" என்று பஞ்சநதமும் கிசுகிசுத்தார்.