பசியோடு வந்த எலி

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மகள், மேல்வீட்டு அன்ரி, மகளின் பாம்பு, காற்றுத் துளை போட்ட கடதாசிப் பெட்டிக்குள் ஒரு வெள்ளை எலி. வேறு ஒருவரும் இல்லை. என் கணவர் லொறியோடு மொன்றியல் பக்கம் போயிருந்தார். கந்தசஷ்டி விரதம் நடந்துகொண்டிருந்தது. அன்ரியும் நானும் பகலில் தண்ணீர் மட்டும் குடித்து, பின்னேரம் பாலும் பழமும் எடுத்துக்கொண்டிருந்தோம்.

மில்லிக்கனில் அன்ரியின் வீட்டு பேஸ்மென்றில்தான் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். பாம்பைக் கொண்டுவர அன்ரி சம்மதித்தது எனக்கு இன்றைக்கும் அதிசயம். "ஊரிலை கோயிலிலை கும்பிடுறம், இஞ்சை வீட்டிலை இருந்தால் என்ன?" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு படியிறங்கிக் கீழே வருவதை மட்டும் குறைத்துக்கொண்டார்.

மலைப்பாம்பு இனம்தான், ஆனால் சின்னது. என் மணிக்கட்டளவு தடிப்பு. உடம்பு முழுக்க மண்ணிறமும் கறுப்பும், யாரோ பாண் துண்டைக் கருகவிட்டதுபோலத் திட்டுத் திட்டாக. பயந்தால் சீறாது, கடிக்காது. பந்துபோலச் சுருண்டு, தலையை நடுவில் வைத்து மூடிக்கொள்ளும். முதல் மாதம் நான் அந்த அறைப் பக்கமே போகவில்லை. பிறகு ஒருநாள் மகள் வகுப்புக்குப் போயிருந்த நேரம், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு இருந்து பார்த்தேன். அடுத்த நாளும் இருந்தேன்.

அந்த அறைக்குள் ஒரே சிவப்பு வெளிச்சம், சூடு கொடுக்கும் விளக்கினுடையது. எங்கள் யன்னல் நிலத்தோடு ஒட்டியிருப்பதால் அதற்கூடாகப் புல்லின் அடி தெரியும், தபால்காரரின் சப்பாத்துத் தெரியும், பிறகு இலைகள் வந்து மூடும். வெளியே குளிர், உள்ளே சிவப்பு, நடுவில் நான். பாம்பு அசைவது கண்ணுக்குத் தெரியாது. ஓரிடத்தில் இருக்கும், பிறகு பார்த்தால் இன்னோரிடத்தில் இருக்கும். இடையில் நான் நித்திரையாகிவிட்டேனோ என்று யோசிப்பேன். மூடியின் கொளுக்கி பூட்டியிருக்கிறதா என்று எழும்பிப் பார்ப்பேன். வந்து இருந்துவிட்டு மறுபடி எழும்பிப் பார்ப்பேன். விளக்கால் நெருப்புப் பிடிக்குமோ, ஹீற்றர் குழாய்க்குள் பாம்பு பூந்துவிடுமோ, வேலைக்குப் போனால் அங்கேயும் எனக்கு இதே யோசனைதான். ஆனாலும் அந்தக் கதிரையில் இருந்த நேரம்போல என் மனம் வேறெங்கும் ஆறினது கிடையாது.

அதன் சாப்பாடு எங்கள் பிரீசரில் இருந்தது. கடையில் கொன்று, உறையவைத்து, பையில் போட்டு விற்கும் எலிகள். மகள் ஒன்றை எடுத்துச் சுடுதண்ணீரில் இளக்கி, நீளக் குறட்டால் பிடித்துக் காட்டுவாள். பாம்பு பாய்ந்து எடுக்கும். இலை உதிரத் தொடங்கியபோது அது எடுப்பதை நிறுத்தியது. ஒரு கிழமை, இரண்டு கிழமை என்று ஏழு கிழமை போனது. "இந்த வகை விண்டருக்குச் சாப்பிடாது அம்மா, அது நோர்மல்" என்றாள் மகள். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அதைத் தராசில் வைத்து நிறுக்கும்போது அவளுடைய முகத்தை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முதுகெலும்பு கூரைபோல மேலே தெரியத் தொடங்கியிருந்தது.

விரதம் தொடங்குவதற்கு முதல் நாள் வழமைபோல பிரீசரைக் காலியாக்கி மஞ்சள் தண்ணீரால் துடைத்தேன். மீன் போனது, இறைச்சி போனது. எலிப் பை கையில் மிஞ்சியது. விரத வீட்டுக்குள் செத்த எலியை எங்கே வைப்பது? படியில் நின்றுகொண்டே அன்ரி இதற்கு ஒரு வழி சொன்னார்.

"உதை எறிஞ்சுபோட்டு உயிரோடை ஒண்டை வாங்கி விடுங்கோ. செத்ததைக் குடுத்தால் எப்பிடிச் சாப்பிடும்? உனக்கு மூண்டு மாசத்துச் சோத்தைத் தந்தால் நீ சாப்பிடுவியோ பிள்ளை?"

"அன்ரி, ஃபுரோசன்தான் சேஃப். உயிரோடை விட்டால் எலி ஃபைட் பண்ணும்."

"எலிக்குப் பயந்தால் அதுக்கு ஏன் பாம்பெண்டு பேர்?"

"விரத நேரத்திலை பாவமில்லையோ அன்ரி?" என்று நான் கேட்டேன்.

"செத்த எலியை ஆரோ உங்களுக்காகச் சாக்காட்டியிருக்கிறான். அது உங்கடை கணக்கிலை. உயிரோடை விட்டால் பாம்பு தன்ரை சாப்பாட்டைத் தானே எடுக்குது. நாங்கள் நடுவிலை இல்லை."

நாங்கள் நடுவில் இல்லை. அந்தச் சொல் எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. எதற்கெடுத்தாலும் நடுவில் நான் நின்று நடுங்குகிறவள். மகள் எலிப் பையை என் கையிலிருந்து வாங்கினாள். பிறகு, "ஒருக்கால் ட்ரை பண்ணுவம்" என்றாள். பாம்பு பட்டினியில் செத்துவிடும் என்ற பயம் அவளுக்கு இருந்தது.

விரதத்தின் மூன்றாம் நாள் பிளாசாக் கடையில் எலியை வாங்கினோம். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அந்தப் பெட்டி என் மடியில் இருந்தது. உள்ளே இருந்து மெல்லிய சுரண்டல். கடதாசிக்கூடாக ஒரு சின்னச் சூடு என் தொடையில் பட்டது. பசி மயக்கத்தில் ரோட்டு விளக்குகள் எல்லாம் தண்ணீருக்குள் எரிவதுபோல நீண்டு நீண்டு போயின.

எலியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டாள் மகள். அது ஒரு மூலையில் நின்று மீசையை அசைத்தது. பாம்பு மெதுவாகச் சுருண்டது. படியிலிருந்து அன்ரியின் குரல் வந்தது.

"விரதகாரர் உயிர் போறதைப் பாக்கக்கூடாது. மேலை வாங்கோ."

"ஆராவது பக்கத்திலை நிக்கவேணும் அன்ரி. இன்ரநெற்றிலை எல்லாரும் அப்பிடித்தான் சொல்லினம்."

"இன்ரநெற் ஆறு நாள் விரதம் பிடிக்குதோ?"

"நான் விரதமில்லைத்தானே. நான் நிக்கிறன்."

நான்தான் மகளுடைய கையைப் பிடித்து இழுத்தேன். கண்ணால் பார்த்தது பிள்ளையின் மனதில் ஒட்டிவிடும் என்று எனக்குப் பயம். இருபது வயதுப் பிள்ளை. வந்தாள்.

மேலே சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. அன்ரி கண்ணை மூடிக்கொண்டு பாடினார். நான் சுவரில் சாய்ந்திருந்தேன். கீழே ஒரு சத்தமும் இல்லை. பசியில் எனக்குத் தலை லேசாகி, கார்பெட் கரைந்து, பலகை கரைந்து, நிலமே கண்ணாடியாகிவிட்டதுபோல இருந்தது. கண்ணாடிக்குக் கீழே சிவப்பாக ஒரு ஆறு. அதற்குள் பாம்பு நீண்டு போய்க்கொண்டேயிருந்தது. அது போகப் போக வீடு முழுக்க ஆறியது. அன்ரி கற்பூரத் தட்டை நீட்டியபோதுதான் விழித்தேன்.

நாங்கள் கீழே போனபோது எலி தண்ணீர்க் கோப்பையின் விளிம்பில் இருந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது. பாம்பு நாங்கள் விட்டுப்போன இடத்திலேயே பந்தாகக் கிடந்தது. முதுகில் ஒரு டொலர் நாணயக் குற்றியளவு சதையைக் காணவில்லை. அதற்குள் வெள்ளையாக எலும்பு. தலையை உள்ளே ஒளித்துக்கொண்டு, கடிக்கக் கடிக்க அது அப்படியே கிடந்திருக்கிறது.

மகள் கத்தவில்லை. "அம்மா," என்றாள் மெதுவாக, "எலிக்கு நாங்கள் ஒண்டும் சாப்பிடக் குடுக்கேல்லை."

எலிக்கும் பசிக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வீடு முழுக்கப் பசியோடு இருந்தும்.

அதுவரை பெட்டிக்குக் கிட்டவே வராத அன்ரி, கையை உள்ளே விட்டு எலியைத் தூக்கி வாளிக்குள் போட்டார். படையலுக்கு ஊறவைத்திருந்த பயற்றில் ஒரு பிடி எடுத்து வாளிக்குள் தூவினார்.

பாம்பைத் தலையணை உறைக்குள் வைத்து, என் குளிர்ச்சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக அதைத் தொட்டேன். மகள் கார் ஓட்டினாள். யூனியன்வில்லுக்கு அங்கால், பாம்பு பார்க்கிற டொக்டர் ஒருவர் இருந்தார். "செத்திடுமோ?" என்று நான் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கேட்டேன். கடைசியில் அவள், "அம்மா, ப்ளீஸ்" என்றாள்.

ஏன் ஒருவரும் பக்கத்தில் நிற்கவில்லை என்று டொக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். மகள் தலையணை உறையை மடித்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். என்னிடம் இருந்த ஆங்கிலத்தில், "வீ ஆர் ஃபாஸ்ரிங்" என்றேன். டொக்டர் தலையாட்டினார். ஏழு கிழமையாக என்று எழுதியிருக்கிறதே, பார்த்தேன் என்றார். "நொட் ஹிம். வீ" என்று என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், பாம்பைப் பார்த்தார். மகளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

தையல் போட்டார்கள். வீட்டில் போட ஊசி மருந்து தந்தார்கள். காயம் ஆறியதும் அது தானாகச் சாப்பிடவேண்டும், கொன்ற இரையை மட்டும், இல்லாவிட்டால் தொண்டைக்குள் குழாய் விடவேண்டும், இந்த மெலிவில் அதை அது தாங்காமலும் போகலாம் என்றார்.

திரும்பும்போது மகள், "நான் நிண்டிருக்கவேணும்" என்றாள்.

"நான்தானே இழுத்தனான்."

"ஓம்," என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

பனி வந்து எங்கள் யன்னலை மூடியது. அறைக்குள் மேலே பனியின் நீலம், கீழே விளக்கின் சிவப்பு. நான் பாம்பைப் பிடிப்பேன், அவள் ஊசி போடுவாள். காயம் சாம்பல் நிறத் தழும்பாக ஒட்டியது. பிரீசருக்குள் மறுபடி எலிகள் வந்தன. மகள் குறட்டால் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தாள். பாம்பு தலையைக்கூட வெளியே எடுக்கவில்லை. குழாய் விட நாள் கேட்டு அவள் கிளினிக்குக்குப் போன் பண்ணினாள்.

குழாய் விடும் நாளுக்கு இரண்டு நாள் முன்னம் அவளுக்குப் பரீட்சை. வேலையால் வந்த நான் ஒரு எலியை எடுத்தேன். பையோடு சுடுதண்ணீரில் வைத்தேன். அவள் செய்வதுபோல ஹெயர் டிரையரால் தலைப் பக்கத்தைச் சூடாக்கினேன். குறட்டை நீட்டினேன். கை நடுங்கியது. பிடித்து நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. அந்த நடுக்கத்தில் எலியின் மீசை அசைந்தது. மூச்சு விடுகிற எலிபோல, என் கையில் இருந்த அதே பயத்தோடு.

பந்துக்குள் இருந்து தலை வந்தது. நாக்கு வந்தது. குறடு ஒரு இழுப்பு இழுபட்டது, அவ்வளவுதான், எலி அதன் சுருளுக்குள் இருந்தது. நான் முகத்தைத் திருப்பவில்லை. வாய் விரிந்து விரிந்து, ஒரு கனவு இன்னொரு கனவை விழுங்குவதுபோல மெல்ல மெல்ல அது எடுத்தது.

மகளுக்குப் போன் பண்ணினேன்.

"சாப்பிடுறான்."

"பொய் சொல்லாதையுங்கோ அம்மா."

"சத்தியமாய். வால் மட்டும்தான் வெளியிலை தெரியுது." கொஞ்சம் பொறுத்து, "இப்ப அதுவும் இல்லை" என்றேன். அவள் பஸ்ஸுக்குள் நின்று அழுவது எனக்குக் கேட்டது.

குழாய் வேண்டாம் என்று கிளினிக்குக்குச் சொன்னோம். எலி அன்ரியிடமே இருக்கிறது. சூரன்போர் முடியும்வரை என்றுதான் வைத்திருந்தார், பிறகு கூடு வாங்கிவிட்டார். அந்த மாத வாடகையில் நூறு டொலரைத் திருப்பித் தந்து, "டொக்டருக்குக் கட்டு" என்றார். மிச்சத்தை மகளும் நானும் மாதம் மாதம் கட்டுகிறோம். கிளினிக்குக்கு இன்னும் முந்நூற்று எண்பது டொலர் கொடுக்கவேண்டியிருக்கிறது.