இடது விளக்கு, வலது விளக்கு

என் அண்ணிக்குக் கோபமே வராது. அவளுக்கும் சேர்த்து நான் கோபப்படுவேன்.

பஸ் பட்டறையில் நான் சீட் உறை தைப்பவள். அண்ணி ஒயர்த் தோல் உரிப்பவள். ஒன்பது வருஷம் உரித்தாள். ஈயத்தை உருக்கி ஊற்றி ஒயர்களை இணைப்பது ஈய மாஸ்டர். அவர் சால்டரிங் வைத்தால் வெள்ளிக்காசு மாதிரி மின்னும், அதை மறுக்க முடியாது.

மேடுபள்ளமான பாதையில் ஓடும் ஒரு பஸ் மட்டும் ஹெட்லைட் செத்து மூன்று தடவை திரும்பி வந்தது. "என் ஜாயின்ட் விடல. ஒயர்தான் மட்டம்" என்றார் மாஸ்டர். அது பொய்யும் இல்லை. அறுந்தது இணைப்பில் அல்ல, அரை விரல் தள்ளி. அண்ணி மூன்று ஒயரையும் எடுத்துப் பார்த்தாள். ஈயம் ஒயருக்குள் ஊறி, ஊறிய வரைக்கும் குச்சியாக விறைத்திருந்தது. பஸ் குலுங்கக் குலுங்க, அந்த விறைப்பு முடிகிற இடத்திலேயே ஒயர் மடங்கி அறுகிறது. சூடே காட்டாமல் லக் என்கிற செப்புக் குழலில் செருகி, தோலையும் சேர்த்துப் பிடித்து, இடுக்கியால் நசுக்கிக் கிரிம்ப் பண்ணினால் நிற்கும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டாள்.

நசுக்கி வைத்ததெல்லாம் ஒரு இணைப்பா என்றார் மாஸ்டர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். முதலாளி பங்கு பிரித்தார்: இடது விளக்கு மாஸ்டருக்கு, வலது அண்ணிக்கு. இடது முதலில் அணைந்தால் வயரிங் மேஜை அண்ணிக்கு. வலது அணைந்தால், மாஸ்டரை எதிர்த்துப் பேசியவள் வேலைக்கே வர வேண்டாம். அண்ணன் கால் உடைந்து வீட்டில் கிடந்தான். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

"உனக்கு எதுக்கு அண்ணி இந்த வம்பு?" என்றேன்.

"மூணும் ஒரே எடத்துல அறுந்திருக்கு. வேற என்ன வேணும்?" என்று கிரிம்ப் செய்த ஒயரை முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. அதன்பின் அவள் நன்றாகச் சாப்பிட்டாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

எழுபதாம் நாள் சாயங்காலம் ஹாரன் கேட்டது. வாசலுக்கு ஓடினேன். பஸ் விளக்கைப் போட்டபடி உள்ளே வந்தது. என் வலது கைப்பக்கம் இருட்டு. போச்சு, எல்லாம் போச்சு என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது, பஸ் என்னைப் பார்த்து வருகிறது. என் வலது அதற்கு இடது. எழுந்து வாய்விட்டுச் சிரித்தேன், வெட்கமே படவில்லை.

மாஸ்டர் விளக்கை ஒயரோடு கழற்றி, வயரிங் மேஜைக்குக் கொண்டுபோய் உட்கார்ந்தார். அவர் வைத்த ஈயம் அப்படியே மின்னியது. அரை விரல் தள்ளி ஒயர் அறுந்திருந்தது. ஈயம் ஊறி விறைத்த இடத்தை விரலால் வளைத்துப் பார்த்தார்.

"இதையும் நீயே அமுக்கிரும்மா" என்று மேஜையை விட்டு எழுந்தார்.

அண்ணி அமுக்கி, விளக்கைத் திரும்ப மாட்டினாள். டிரைவர் சுவிட்சைத் தட்டினார். இரண்டும் எரிந்தன.