ஊரு கேமரா பூரா என் போன்ல

கேமரா மாட்டறது என்னமோ ஒரு நாள் வேலைதானுங்க; "படம் தெரியலைங்க, ஒண்ணும் தெரியலைங்க"ன்னு அதுக்கப்புறம் வர்ற போனை எடுக்கறதுதான் ஆயுசு முழுக்க வேலை.

ஏசி மெக்கானிக்கு, இன்வெர்ட்டர்காரரு, கேபிள்காரருன்னு சொந்த நம்பரை ஊருக்கெல்லாம் குடுத்துப்போட்டு, சோத்துல கை வெக்க முடியாமத் தவிக்கற என் கூட்டாளிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். நம்ம பாடு நமக்குத்தான் தெரியும். எனக்குத் திருப்பூர் நல்லூர்ல கடை. கேமராவை மாட்டி முடிச்சு, "எங்க இருந்து வேணா போன்ல பாக்கலாமுங்க, உங்க மெயில் ஐடி சொல்லுங்க"ன்னு கேட்டா, பாதிப்பேரு "அதெல்லாம் நமக்கு எங்கீங்க இருக்குது, உங்களுதையே போட்டு உடுங்க"ம்பாங்க. அப்படிப் போட்டு உட்டு உட்டு, இப்ப ஊரு கேமரா பூரா என் போன்ல ஓடுது. எங்க எது அசைஞ்சாலும் எனக்கு 'டிங்'. நாய் போனா டிங், காயப்போட்ட வேட்டி ஆடுனா டிங். மனுசன் ஒரு எடத்துல நிம்மதியா உக்கார முடியுதுங்களா?

கதவு தெரியோணும்

எங்க கடைக்குப் பின்னாடி வீதியில ஒரே வரிசையா ஒட்டுன லைன் ஊடுக இருக்குது. அதுல ஒண்ணுல கவிதான்னு ஒரு பொண்ணு, பனியன் கம்பெனியில டெய்லர். ஊட்டுக்காரரு செந்திலு நிட்டிங்ல நைட் ஷிப்ட். காலைல அவரு உள்ள வருவாரு, இவங்க வெளிய போவாங்க. ரெண்டு பேரும் மூஞ்சி பாத்துக்கறதே வாசப்படியிலதான். பையன் குகன். பகல்ல அவனை அப்பன்தான் பாத்துக்கறது. ராத்திரி பூரா மெஷின்கிட்ட நின்னுட்டு வந்த மனுசன் எத்தனை நேரம் முழிச்சுட்டு உக்காந்திருப்பாரு, சொல்லுங்க.

"பையனுக்கு நடை வந்துருச்சுங்கண்ணா. வாசப்படி தாண்டுனா வீதி. துணி ஏத்தற டெம்போ போறதும் வர்றதுமா இருக்குது. அவரு அசந்த நேரமாப் பாத்து இவன் எறங்கீட்டான்னா என்னுங்கண்ணா பண்றது?"ன்னு கடைக்கு வந்து நின்னாங்க. அந்த ஊட்டுல வைஃபை எல்லாம் கிடையாது. சிம் போடற கேமரா ஒண்ணு எடுத்து, கதவும் பாயும் தெரியற மாதிரி முன் ரூம்ல மாட்டுனேன். அப்பத்தான் அடுத்த சங்கதி வருது. கம்பெனி கேட்லயே போனை வாங்கி வெச்சுக்கறாங்க. டிசைனை எவனாச்சும் படம் எடுத்துருவான்னு பயம். டீ டைம்ல, சாப்பாட்டு டைம்லதான் போன் கைக்கு வரும். "நடுவால மட்டும் நீங்க சித்தெ எட்டிப் பாருங்கண்ணா"ன்னு கேட்டாங்க. முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அவங்க கேமராவுக்கு மட்டும் தனியா ஒரு சத்தம் வெச்சுக்கிட்டேன். பாயில படுத்துக்கிட்டே எல்லாத்தையும் கேட்டுட்டிருந்த செந்திலு ஒரு கண்ணை மட்டும் தொறந்து சொன்னாரு: "நான் வாயைப் பொளந்துட்டுத் தூங்கறதை இனி ஊரே பாக்கோணுமாக்கும்?"

மொதலாளி சொன்ன பாஸ்வேர்டு

ஒரு நிட்டிங் யூனிட் மொதலாளிக்கு அவருகிட்ட இருந்த ஆபரேட்டர் மேல சந்தேகம். நூல் கோன் கொறையுதாம். "அவனுக்குத் தெரியாம, அவனை மட்டும் பாக்கற மாதிரி ஒரு கேமரா போடுங்க"ன்னாரு. அவனுக்குத் தெரியாம எப்படிங்க? நான் ஏணி போட்டு ஏறுனதே அவன் தலைக்கு மேலதான். ஏணியைப் புடிச்சுக்கிட்டதும் அவன்தான்.

எல்லாம் முடிஞ்சு, பாஸ்வேர்டு என்ன வெக்கட்டும்னு கேட்டேன். மெஷின் சத்தத்துல காது கேக்கலை. மொதலாளி அந்தக் கோடியில இருந்து கையை வாய்ல குவிச்சுக்கிட்டு, "முருகன் பேரு! அப்புறம் நம்ம வண்டி நம்பரு!"ன்னு கத்தி, நம்பரையும் ஒவ்வொண்ணாக் கத்துனாரு. செக்கிங் பொம்பளைக எல்லாம் திரும்பிப் பாக்கறாங்க. அந்த ஆபரேட்டர் மெஷினை நிறுத்தீட்டு, "அண்ணா, அது வித்துப்போட்ட வண்டி நம்பருங்க"ன்னு சொல்லி, புது வண்டி நம்பரை எனக்குத் தெளிவாச் சொன்னான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. மொதலாளிக்கோ மொகமெல்லாம் பூரிப்பு: "பாத்தீங்களா, இவன் இல்லீன்னா நமக்கு ஒண்ணும் ஓடாதுங்க!"

ஆயுத பூஜைக்கு மறுநாள்

வருசத்துல ஒரு நாள் நான் போனை எடுக்கவே பயப்படறது ஆயுத பூஜைக்கு மறுநாள்தானுங்க. விடிஞ்சா போதும், ஆரம்பிச்சுரும். "மஞ்சளாத் தெரியுதுங்க", "நடுவுல செகப்பா ஒரு பந்து நிக்குதுங்க", "ஒரே மூடு பனியா இருக்குதுங்க". மூடு பனியும் இல்லை, ஒண்ணும் இல்லை. ஓவர்லாக் மெஷினுக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, டெம்போவுக்குப் பொட்டு, அப்படியே ஏணி போட்டு ஏறி கேமராவுக்கும் சந்தனம் தடவி, குங்குமம் வெச்சிருப்பாங்க. ஓரத்துல வெச்சாலாச்சும் பரவாயில்லை. சரியாக் கண்ணாடி மேலயே! ஈரத்துணியும் கையுமா ஊரைச் சுத்தற பொழப்பு எனக்கு.

கவிதா ஊட்டுல கேமரா மாட்டுன வருசம், அந்தப் போனுக நடுவுல அவங்க போனும் வந்துச்சு. டீ டைம்ல கம்பெனி கேட்டுகிட்ட நின்னு கூப்படறாங்க. "ஒண்ணுமே தெரியலைங்கண்ணா, ஒரே இருட்டா இருக்குதுங்க. அவரு போனையும் எடுக்கலை." கொரல் நடுங்குது. மத்த எல்லாரையும் அப்படியே உட்டுப்போட்டு வண்டியை எடுத்தேன். கதவைத் தட்டுனா செந்திலு தூக்கக் கண்ணோட தொறக்கறாரு. குகன் சந்தனக் கிண்ணத்துக்குள்ள கையை உட்டு, மூஞ்சி பூரா அப்பிக்கிட்டு உக்காந்திருக்கான். கேமராவுக்கு மேல கை மொத்தத்துக்குச் சந்தனம். எனக்கு வந்த கோவத்துக்கு நல்லா நாலு வார்த்தை கேட்டுப்போடலாம்னுதான் வாயைத் தொறந்தேன். செந்திலு கண்ணைக் கசக்கிக்கிட்டே சொன்னாரு: "மெஷினுக்கெல்லாம் வெச்சனுங்க. எம்பையனைப் பாத்துக்கறது இதுதான், இதுக்கு வெக்காம எப்படீங்க?"

என் ஊட்டுல

என் சம்சாரத்துக்கும் என் போனுக்கும் ஆகாது. சாப்பிட உக்காருவேன், டிங். அவரைக்காய் வெந்திருக்குதா, உப்பு சரியான்னு கேப்பாங்க, நான் ஒரு குடோன் வாசல்ல பூனை போறதைப் பாத்துட்டிருப்பேன். கோயிலுக்குப் போனா சாமி முன்னால டிங். சத்தத்தை அமத்தி வெச்சுப் பாத்தேங்க. அது இன்னும் மோசம். சத்தம் வராத போனை நாமளா எடுத்து எடுத்துப் பாக்க வேண்டியிருக்குது. குளிக்கப் போறப்பக் கூட ஜன்னல் மேல வெச்சுட்டுத்தான் போவேன். குகன் கதவுகிட்டப் போனானா, போகலையான்னு ஒரு அரிப்பு. என் சொந்தப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துல இருந்து வந்து பையைக் கழட்டிப் போட்டதைக்கூட நான் கவனிக்கலைன்னு ஒரு நாள் பேச்சு வந்துச்சு. ஆப்புல மனுசன் அசைஞ்சா மோஷன்னு போட்டு வருமில்லீங்களா, அதை என் சம்சாரம் நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்காங்க. தட்டை எடுத்துக்கிட்டே கேட்டாங்க: "ஏனுங்க, பக்கத்துல நான் உக்காந்திருக்கறது உங்களுக்கு மோஷனாத் தெரியலீங்களா?"

குண்டடத்துல ஏணி மேல

குண்டடத்துப் பக்கம் ஒரு தோட்டம். மோட்டார் ரூமுக்குக் கேமரா. நான் ஏணி உச்சியில, கையில டிரில்லு. அப்பத்தான் கவிதா ஊட்டுச் சத்தம் வந்துச்சு. எடுத்துப் பாக்கறேன். கதவு பாதி தொறந்து கெடக்குது. அன்னிக்கு வீதியில தண்ணி உட்ட நாள். செந்திலு தண்ணி புடிச்சு உள்ள வெச்சுட்டு, தாப்பாள் போடாமயே படுத்துட்டாரு. குகன் கதவு நெலையைப் புடிச்சுக்கிட்டு வாசப்படிகிட்ட நிக்கறான்.

அந்தக் கேமராவுல பேசவும் செய்யலாம். மைக்கை அமுக்கி, "செந்திலு! எந்திரிங்க! கதவு!"ன்னு கத்துனேன். நிட்டிங் மெஷின் சத்தத்துல வாழற மனுசனுக்குத் தீப்பெட்டி அளவு ஸ்பீக்கர் எங்கீங்க கேக்கப் போகுது? சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தாரு, அவ்வளவுதான். ஆனா குகன் திரும்பிப் பாத்தான். மேல கேமராவையே பாத்தான். நான் மூச்சு வாங்க நிறுத்துனேன். அவன் மறுபடியும் வீதிப் பக்கம் திரும்பிக்கிட்டான். அப்பத்தான் புரிஞ்சுது. பேசுனா நிக்கறான், நிறுத்துனா போறான்.

பேசுனேங்க. "குகா கண்ணு, இங்க பாரு, மாமா பாரு." பூனை மாதிரிக் கத்துனேன், காக்கா மாதிரிக் கத்துனேன். "காங்கயம் ரோடு, நல்லூர், ஏறு ஏறு"ன்னு கண்டக்டர் மாதிரிக் கூவுனேன். எல்லாம் தீந்து போச்சு. வாய்க்கு வந்தது தொழில் பேச்சுதான். "டோம் கேமரா இருக்குது கண்ணு, புல்லட் கேமரா இருக்குது கண்ணு, ராத்திரியிலயும் கலரா தெரியும் கண்ணு." கீழ தோட்டத்துக்காரரும் அவரு சம்சாரமும் எனக்கு வெயில் தலைக்கேறிருச்சுன்னு நெனச்சு அண்ணாந்து பாக்கறாங்க. அவங்ககிட்டயும் அதே ராகத்துலதான் சொன்னேன், கொரலை மாத்துனா பையன் போயிருவானே! "அக்கா அக்கா, உங்க போனை எடுங்க கண்ணு, நான் சொல்ற நம்பரைப் போடுங்க கண்ணு, கவிதா ஊட்டுக்கு ஓடச் சொல்லுங்க கண்ணு, கதவு தொறந்திருக்குது கண்ணு." அந்தம்மா ஒரு கேள்வி கேக்கலைங்க, போட்டுட்டாங்க. நம்பரு அந்த வீதி முக்குல மளிகைக்கடை வெச்சிருக்கற திருநெல்வேலி அண்ணாச்சியோடது. அவரு கடையிலயும் கேமரா நான்தான். தினமும் தெரியலைன்னு கூப்படறதால எனக்கு அது மனப்பாடம்.

கதவுக்கு வெளிய ஒரு டெம்போ நெழல் போகுது. ஆடு மாதிரிக் கத்தப் போயி, பாதியில கொரல் உடைஞ்சு போச்சு. குகன் ஒரு காலைத் தூக்கி வாசப்படிக்கு அந்தப் பக்கம் வெச்சான். என்னால பாக்க முடியலை, கண்ணை மூடிக்கிட்டு அந்த உடைஞ்ச கொரல்லயே கத்திக்கிட்டிருந்தேன். கண்ணைத் தொறந்தப்ப, கட்டம் போட்ட சட்டைக் கை ஒண்ணு உள்ள வந்து அவனைத் தூக்கியிருந்துச்சு. கடையை அப்படியே உட்டுட்டு ஓடி வந்த அண்ணாச்சி, கேமராவை நிமிந்து பாத்து மூச்சிரைக்கச் சொன்னாரு: "புள்ளைய நான் தூக்கிட்டேன். நீரு அந்த ஆட்டுச் சத்தத்தை நிறுத்தும்வே, தெருவே சிரிக்கு!"

கவிதா கேட்டது

குண்டடத்துல இருந்து எப்படி வண்டி ஓட்டீட்டு வந்தேன்னே தெரியலைங்க. அண்ணாச்சி கம்பெனிக்குப் போன் போட்டு, சூப்பர்வைசர்கிட்டச் சொல்லி, கவிதாவும் வந்துட்டாங்க. அழுது முடிச்சு, திட்டி முடிச்சு, பையனை இடுப்புல இறுக்கிக்கிட்டு நின்னாங்க. செந்திலு பாயிலேயே உக்காந்திருந்தாரு. கையில போன். கேமராவுல பதிவானதைத்தான் ஓட விட்டுப் பாத்துட்டிருந்தாரு. கதவு, பையன், தூங்கற அவரு. முடிஞ்சா மறுபடியும் முதல்ல இருந்து.

கதவு உச்சியில, பையனுக்கு எட்டாத எடத்துல ஒரு தாப்பாள் அடிச்சுக் குடுத்தேன். அப்பக் கவிதா ஏணிகிட்ட வந்து, அந்தப் பதிவை அழிச்சுருங்கண்ணான்னு மெதுவாச் சொன்னாங்க. நான் பதறிப் போயி, "அதெல்லாம் பண்ணக் கூடாதுங்க, அதை மட்டும் தனியா எடுக்க முடியாது, கேமராவுக்குள்ள இருக்கற கார்டையே சுத்தமா அழிக்கோணும், என்ன நடந்துச்சுங்கறதுக்கு ஒரு ஆதாரம் வேண்டாமா?"ன்னேன். உள்ள உக்காந்திருக்கற ஊட்டுக்காரரை ஒரு வாட்டி திரும்பிப் பாத்துட்டு அவங்க சொன்னாங்க: "எனக்கு ஆதாரம் எதுக்குங்கண்ணா? நாளைக்குக் காலைல வந்து அவரு தூங்கோணும்."

எது நடந்தாலும் பதிவு இருக்கும்னு சொல்லிச் சொல்லித்தான் நான் ஊரு பூராக் கேமரா விக்கறேன், ஆனா நான் மாட்டுனதுலயே உருப்படியா ஒரு வேலை பாத்த கேமராவுல அன்னிக்கு நடந்ததுக்கு ஒரு துளி பதிவு கெடையாதுங்க.