ஒரு கட்டத்தைத் திருத்தினேன்

மவுஸைப் பிடித்துக்கொண்டு திரையில் எதையோ தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். இது நல்ல குணம் இல்லை என்று தெரிந்தும் வரும். திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜில் புக்கிங் வேலைக்குச் சேர்ந்த புதிதில், யூடியூபைப் பார்த்துப் பார்த்து எக்செல் ஷார்ட்கட்டுகளை எல்லாம் விரலில் ஏற்றி வைத்திருந்தேன். கன்ட்ரோலோடு எந்த எழுத்தை அழுத்தினால் என்ன நடக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் கேட்டதில்லை. நானாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரிசப்ஷனில் போன் எடுப்பவர் ஒரு அக்கா. அடி அண்ணாமலையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். கணவர் அங்கே நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறார். நான் சேருவதற்கு வெகு முன்பிருந்தே அக்காவுக்கு அதே நாற்காலி. ஒற்றை விரலால்தான் டைப் அடிப்பார். அடிக்கும் முன் கீபோர்டைப் பார்ப்பார், அடித்தபின் திரையைப் பார்ப்பார், பிறகு அடித்ததை மெல்ல வாய்விட்டுப் படிப்பார்.

“அக்கா, நீங்க அடிச்சு முடிக்கறதுக்குள்ள பார்ட்டி மலையச் சுத்திட்டே வந்துடுவாங்க” என்பேன்.

“சுத்தட்டுமே தம்பி, புண்ணியம்தானே” என்று சிரிப்பார்.

எங்கள் லாட்ஜுக்கு போன் செய்கிறவர்கள் எடுத்ததும் ரூம் கேட்க மாட்டார்கள். என்றைக்கு ராத்திரி கிரிவலம் போகலாம் என்றுதான் கேட்பார்கள். பௌர்ணமி திதி ஒரு நாள் தொடங்கி மறுநாள் முடியும். சில காலண்டரில் முதல் நாளில் போட்டிருக்கும், சிலவற்றில் மறுநாளில். வெளியூர்க்காரர்கள் குழம்பிப்போய் எங்களைக் கேட்பார்கள். அதற்காக அக்கா வருடத் தொடக்கத்தில் பஞ்சாங்கத்தையும் தினசரிக் காலண்டரையும் விரித்து வைத்துக்கொண்டு, கோயிலில் விசாரித்து, பன்னிரண்டு மாதத்துக்கும் தேதி எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைப்பார். இதற்கு அரை நாள் ஆகும்.

அந்த அரை நாளை என்னால் தாங்க முடியவில்லை. முதல் பௌர்ணமியின் தேதியை ஒரு கட்டத்தில் போட்டேன். அதற்குக் கீழே இருபத்தொன்பதரை நாள் கூட்டச் சொன்னேன். மீதிக் கட்டங்களை எல்லாம் தேர்ந்தெடுத்து கன்ட்ரோலையும் டியையும் சேர்த்து அழுத்தினேன். பன்னிரண்டு தேதியும் பொலபொலவென்று வந்து விழுந்தன. முதல் மூன்று மாதத்தைக் காலண்டரோடு ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. அதற்கு மேல் பார்ப்பது கம்ப்யூட்டருக்கு அவமரியாதை என்று விட்டுவிட்டேன். நிலா அப்படி ஒழுங்காக நாள் கூட்டிக்கொண்டு வருவதில்லை என்பது அக்காவுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

முதலாளிக்கு ஷீட் ரொம்பப் பிடித்துவிட்டது. எல்லோர் முன்னாலும் முதுகில் தட்டினார். நான் அந்தச் சூட்டோடு கண்ணாடிக்கு அடியிலிருந்த தாளை உருவினேன். “இனிமே இதெல்லாம் பாக்காதீங்கக்கா. ஷீட்ல என்ன இருக்கோ அதை மட்டும் சொல்லுங்க, போதும்” என்றேன். அக்கா தலையாட்டினார். சொன்னபடியே நடந்தார்.

சித்தூர் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வருடாவருடம் வரும். பதினோரு பேர், ஒரே வேன். அந்த முறை வீட்டின் மூத்த மருமகளுக்கு ஆபரேஷன் ஆகிப் பிழைத்திருந்தாராம். பௌர்ணமி ராத்திரியில் எல்லோருமாகச் சுற்றுவதாக வேண்டுதல். அக்காவுக்குத் தெலுங்கும் வரும். ஷீட்டைப் பார்த்துப் பதினெட்டாம் தேதி என்று சொல்லி, அதே தேதியில் ரூம் போட்டு வைத்தார்.

பதினேழாம் தேதி அக்காவுக்கு லீவு, ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். மூன்று மணிக்கு டீ குடிக்க வெளியே வந்தேன். தெருவில் நடக்க இடமில்லை. பஸ் பஸ்ஸாகக் கூட்டம் இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. டீக்கடைக்காரரிடம் கேட்டேன். “இன்னைக்குத்தானே பௌர்ணமி. என்னா, லாட்ஜுல இருந்துக்கினு தெரியாதா?” என்றார். டீ கிளாஸை அப்படியே வைத்தேன்.

திரும்பி ஓடி வந்து ஷீட்டைத் திறந்தேன். சித்தூர்க்காரர்களின் வரிசையும் அதில் போன் நம்பரும் கண்ணெதிரே இருந்தன. அப்போது கூப்பிட்டிருந்தால் வேனைக் கிளப்பிக்கொண்டு எட்டு மணிக்குள் வந்திருப்பார்கள். விடியும்வரை சுற்ற நேரம் இருந்தது. ஆனால் கூப்பிட்டால் ஏன் மாறியது என்று கேட்பார்கள், முதலாளி காதுக்குப் போகும், ஷீட்டை யார் போட்டது என்று வரும். அவர்கள் வீட்டிலும் காலண்டர் இருக்காதா, பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலண்டர் குழப்புவதால்தான் எங்களைக் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்லிக்கொண்டேன்.

பௌர்ணமிக் கட்டத்துக்குப் போனேன். எஃப் டூ. பதினெட்டைப் பதினேழாக்கினேன். என்டர். கன்ட்ரோல் எஸ். மூன்று நொடிகூட ஆகியிருக்காது. என் வாழ்நாளில் நான் அவ்வளவு வேகமாக வேலை செய்ததே இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு வேன் வந்தது. திதி அதற்குள் முடிந்துவிட்டது. கிரிவலப் பாதையில் துப்புரவுப் பணியாளர்கள் குப்பையை வாரிக்கொண்டிருந்ததை அவர்கள் வழியிலேயே பார்த்திருக்கிறார்கள். பெரியவர் சத்தம் போடவில்லை. அக்காவிடம் தெலுங்கில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். உன்னை நம்பித்தானேம்மா வந்தோம் என்பது எனக்கே புரிந்தது. மூத்த மருமகள் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, கையில் வைத்திருந்த பூக்கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி இறங்கி வந்தார். என்னைத்தான் ஷீட்டைத் திறக்கச் சொன்னார். திறந்தேன்.

“ஷீட்ல பதினேழுன்னு கரெக்டாதானே இருக்கு. ஏம்மா, நீ ஏன் பதினெட்டுன்னு சொன்ன? ரூமும் பதினெட்டுலயே போட்டு வச்சிருக்க.”

அக்கா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். கட்டத்தின் மேல் விரலை வைத்து வாய்விட்டுப் படித்தார். “பதினேழு.” மறுபடியும் படித்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்திருந்தால் நான் இன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடுவேன். துளியும் இல்லை. உதவி கேட்கிற பார்வை அது. நான் கீபோர்டில் எதையோ அழுத்திக்கொண்டிருந்தேன்.

“எனக்குக் கண்ணு சரியா தெரியலைங்க போல. தப்பு என்னுதுதாங்க” என்றார்.

சித்தூர்க்காரர்கள் அந்தப் பகலிலேயே, தார்ச்சாலை கொதிக்கிற வெயிலில், வெறுங்காலோடு சுற்றிவிட்டு வந்தார்கள். அக்கா அவர்களுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தார். மருமகளின் காலைப் பிடித்துவிடப் போனபோது அந்தப் பெண் வேண்டாம் என்று காலை இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன். அடுத்த வருடம் அவர்கள் வரவில்லை.

அவர்கள் வெயிலில் சுற்றிய அன்று சாயங்காலமே மீதி மாதங்களையும் காலண்டரோடு ஒத்துப் பார்த்தேன். இன்னும் ஒரு மாதம் தவறியிருந்தது. அதையும் யாருக்கும் தெரியாமல் திருத்தினேன். அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ நாள் வாயெடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் போன் அடிக்கும், அல்லது அடித்ததாக வைத்துக்கொள்வேன். கேவலம்தான். வேறு சொல் கிடைக்கவில்லை.

அக்கா கண் பரிசோதனைக்குப் போய் வந்தார். வயசுக்கு உண்டான சின்னப் பவர்தான், வேறு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம். அக்கா அதை நம்பவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்ட பிறகும் யாராவது தேதி கேட்டால் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைக் கூப்பிடுகிறார்.

போன வாரமும் கூப்பிட்டார். எழுந்து போனேன். திரையில் தேதி பெரிதாக, தெளிவாக இருந்தது. அக்கா அதைச் சரியாகத்தான் படித்தார். படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“சரிதானா தம்பி?”

“சரிதான்கா.”

அக்கா போனிலிருந்து கையை எடுத்தார். “ஒரு நிமிஷம் இருங்கன்னு சொன்னேன்ல, அது ஒண்ணுமில்லைங்க. நான் தப்பா சொல்லிடுவேன். எங்க தம்பிகிட்ட கேட்டுட்டேன், அவர் சொன்னா சரியா இருக்கும்” என்றார்.