அம்மா சுவரைத் தட்டிப் பார்த்த வீடு

பதுளை டவுனில், இரண்டு பக்கமும் பெரிய மரங்கள் நிற்கும் ஒரு தெருவில், எனக்கும் அம்மாவுக்கும் ஒரு வீடு அமையப் பார்த்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், உலகப் போருக்கு முந்தியது. கீழே இரண்டு, மேலே இரண்டு என நான்கு வீடுகள். நாங்கள் கேட்டது ஒரு மேல்வீடு. இரண்டு படுக்கையறை, உயரமான ஜன்னல்கள், கை நீட்டும் தூரத்தில் மாமரம். பார்த்த அன்றே மனதால் குடியேறிவிட்டேன். சாமான்தான் பாக்கி.

ஆனால் நிலமும் படிக்கட்டும் நான்கு வீட்டுக்கும் பொது. ஒருவர் விற்பதானால் மற்ற மூவரும் சம்மதிக்க வேண்டும். வாங்க வருகிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து விசாரிப்பார்கள். எங்களுக்கு முன் வந்த இரண்டு குடும்பங்கள் தேநீர் குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தன. ஒருவரிடம் நாய் இருந்ததாம். இன்னொருவர் அதிகமாகச் சிரித்தாராம்.

பஸ்ஸில் போகும்போதே அம்மாவுக்குப் பாடம் எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற எனக்கு அது கைவந்த கலை.

"அம்மா, அங்க லயத்துக் கதையெல்லாம் எடுக்காத. நமுனுகுல பக்கம்னு மட்டும் சொல்லு."

"ஏன்டி, லயம் என்ன ஜெயிலா?" என்றவள் வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு முப்பது வருஷம் கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தவளிடம் இப்படிச் சொல்ல எனக்கு எப்படி வாய் வந்ததோ. இப்போது வெட்கமாக இருக்கிறது. அன்று வீட்டாசை கண்ணை மறைத்திருந்தது.

விலைக்கு இருந்த வீட்டிலேயே மூவரும் காத்திருந்தார்கள். கீழ்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர்தான் தலைமை. அவருக்கு நேர் மேலே, நாங்கள் கேட்ட வீட்டுக்குப் பக்கத்து வீட்டில், வயதான டீச்சரம்மா ஒருவர் தனியாக இருந்தார். மூன்றாமவர் வாயே திறக்கவில்லை, தபாலதிபர் தலையாட்டினால் அவரும் ஆட்டினார். கேள்விகளைத் தபாலதிபர் தாளில் எழுதி வைத்திருந்தார். எங்கே வேலை, எத்தனை பேர், விருந்தாளி வந்தால் எத்தனை நாள் தங்குவார்கள். நான் அளந்து அளந்து பதில் சொன்னேன்.

பாதியில் திரும்பிப் பார்த்தால் அம்மாவின் நாற்காலி காலி. அவள் அறைக் கோடியில் நின்று சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு காதை வைத்துக் கேட்டாள்.

"இந்தச் சொவருக்கு அங்கிட்டு யாருங்க?"

"நான்தான்," என்றார் டீச்சரம்மா.

"ஒண்ணுமே கேக்கலையே. நீங்க உள்ள விழுந்து கெடந்தா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. தபாலதிபர் பேனாவைக் கீழே வைத்தார். நான் சமாளிப்பதற்குள் அம்மாவே தொடர்ந்தாள்.

"எங்க லயத்துல சொவரு கூரை வரைக்கும் எட்டாதுங்க. பக்கத்து காம்பராவுல மொளகா தாளிச்சா நமக்கு இருமல் வரும். ஒரு நாளைக்குப் பக்கத்துல சத்தம் கேக்கலைன்னா போய்க் கதவைத் தட்டிருவோம். இங்க சொவரு கோட்டை மாதிரி இருக்கு. எனக்குப் பயமா இருக்குங்க."

போச்சு, வீடு போச்சு என்று நினைத்தேன். அப்போது டீச்சரம்மா மெதுவாகச் சொன்னார்.

"போன மாசம் குசினியில, அடுப்புக்கிட்ட விழுந்துட்டேன். காலையில விழுந்தவ. பின்னேரம் பால்காரர் வந்துதான் தூக்கி விட்டாரு."

தபாலதிபர் தரையைப் பார்த்தார். அன்று முழுவதும் அவர் நேர் கீழே பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தாராம். அதை அவரே சொன்னார்.

அம்மா நாற்காலியை இழுத்து டீச்சரம்மாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். எந்தக் கால், வீக்கம் வற்றியதா, என்ன எண்ணெய் போட்டீர்கள் என்று விசாரணை அவள் கைக்குப் போய்விட்டது. தாளில் பாதிக் கேள்விகள் அப்படியே கிடந்தன. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. என் அம்மாவை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது. நாங்கள் எழும்பியபோது மூவரும் சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

பத்திர வேலை முடிந்து எங்கள் வீட்டுச் சாவி கைக்கு வர இரண்டு மாதம் ஆனது. டீச்சரம்மாவின் வீட்டுச் சாவி ஒன்று சம்மதம் சொன்ன அன்றே அம்மாவின் முந்தானை முடிச்சுக்குள் போய்விட்டது.