வலி மாத்திரைகளும் என் இடது காதும்

எந்தக் கட்டிலில் அலாரம் அடிக்கிறது என்று தேடி அன்று பிற்பகல் வார்டு முழுக்க நடந்தேன். மானிட்டர்களில் எல்லாம் பச்சைக் கோடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. சலைன் பாட்டில் எதுவும் தீர்ந்திருக்கவில்லை. ஆனால் சன்னமான, விடாத ஒரு கூவல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"பூஜா, அந்த அலாரத்தை யாரும் நிறுத்த மாட்டீங்களா?" என்று ஹிந்தியில் கேட்டேன். என்னுடன் வேலை செய்யும் இளம் செவிலியர் அவள்; என்னைத் தீதி, அதாவது அக்கா, என்பாள்.

"எந்த அலாரம், தீதி?"

அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் அது என் காதுக்குள் கேட்கிறது என்று புரிந்தது.

கரோல் பாக் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். படிப்பு முடித்த கையோடு டெல்லிக்கு வந்தவள். இதே இரைச்சலோடு இதைப் படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். என்னை வைத்து உங்கள் காதை முடிவு செய்துகொள்ள வேண்டாம். எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

சத்தம் இரண்டு காதிலும் என்னோடு வீட்டுக்கும் வந்தது. குக்கர் விசில் அடிப்பதற்கு முன் சீறுமே, அதுபோல. விசில் வந்துவிட்டால் அடங்கும். இதற்கு விசிலே வரவில்லை. ஃபேனை வேகமாக வைத்தேன். டிவியைச் சத்தமாக வைத்தேன். சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் வேறு அறைக்குப் போகத் தோன்றியது.

"எஸ்தர், ஒரு இடத்துல இரியேன். பாக்கிற எனக்கே தலை சுத்துது" என்றார் என் கணவர் செல்வராஜ்.

"இருந்தா கேக்குதுங்க."

வேலை முடிந்து நேரே வீடு திரும்பாமல் மெட்ரோவில் ராஜீவ் சவுக் வரை போய்த் திரும்பத் தொடங்கினேன். தரைக்கடியில் ரயில் போகும்போது அதன் இரைச்சலில் என் இரைச்சல் மறையும். கதவு திறந்ததும் மறுபடி வரும். கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு நிற்பது எனக்கு ஓய்வாக இருந்த காலம் அது.

டாக்டரிடம் போகவைத்தது வேறொரு சம்பவம். ஒரு முதியவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் சுற்றிய பட்டையின் காற்றை மெல்ல இறக்கும்போது ஸ்டெதாஸ்கோப்பில் நாடி தட்டும் ஓசை தொடங்கும். தொடங்கும் இடம் மேல் எண், மறையும் இடம் கீழ் எண். இருபது வருஷத்துக்கும் மேலாகக் கேட்டுப் பழகிய ஓசை. அன்று பாதரசம் இறங்கிக்கொண்டே போனது, எனக்குக் கூவல் மட்டும் கேட்டது. மறுபடி காற்றை ஏற்றினேன். தட்டியதா, தட்டியதாக நினைத்துக்கொண்டேனா என்று சொல்ல முடியவில்லை. அந்த எண்ணைப் பார்த்துத்தான் அவருக்கு மருந்தின் அளவை முடிவு செய்வார்கள்.

பூஜாவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி அவளிடம் நீட்டியதை முதியவர் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன பேட்டி, உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று, மகளைக் கேட்பதுபோல, என்னைக் கேட்டார்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரு பஞ்சாபிப் பெண்மணி. காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், அழுக்கில்லை. ஆடியோகிராம் (ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு மெல்லிய ஒலிவரை கேட்கிறது என்று பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். கண்ணாடி அறையில் உட்கார்ந்து, ஒலி கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். இல்லாத ஒலிக்கெல்லாம் அழுத்தினேன். மேல் சுருதிகளில் இடது காது கொஞ்சம் குறைந்திருந்தது.

"டின்னிடஸ்" என்றார் டாக்டர். வெளியே ஒலி இல்லாதபோதும் காதில் இரைச்சல் கேட்பது. "என்ன மருந்து சாப்பிடறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"சுகர், பிபி?"

"இல்ல."

"வலிக்கு?"

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு நோயாளி இப்படி 'ஒண்ணுமில்ல' என்று சொல்லியிருந்தால் நானே திருப்பிக் கேட்டிருப்பேன். என் முழங்கால்கள் நின்று நின்று தேய்ந்தவை. டியூட்டிக்குப் போகும்முன் இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை. தலைவலித்தால் கூடவே பாராசிட்டமால். அநேகமாக தினமும். தண்ணீர் குடிப்பதுபோல ஆகிவிட்டதால் அதை மருந்து என்றே எண்ணவில்லை.

டாக்டர் அளந்து பேசினார். இந்த வகை மாத்திரைகளை அடிக்கடி, நெடுநாள் எடுப்பவர்களுக்குக் காது இரைச்சல் கூடுதலாக வருவதாகத் தெரிகிறது; உள்காதுக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைவது ஒரு காரணமாக இருக்கலாம். "இதனாலதான் வந்ததுன்னு கையெழுத்துப் போட மாட்டேன். வயசும் இருக்கலாம், சத்தத்திலேயே வேலை செய்யறதும் இருக்கலாம். ஆனா இதை நிறுத்திப் பாக்கலாம், இல்லையா?"

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன், ஆஸ்பிரினைப் பெரிய அளவில் எடுத்தாலும் காது இரையும் என்பது உட்பட. அதைச் சொன்னபோது கணவர் முகத்தை நான் கவனிக்கவில்லை. அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் (அடைபட்ட ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் கம்பிவலைக் குழாய்) வைத்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஒரு சிறிய ஆஸ்பிரின். மறுநாள் சாப்பாட்டுக்குப் பின் அவர் அதைத் தொடாமல் எழுந்தார்.

"மாத்திர?"

"இன்னைக்கு வேண்டாம்னு பாத்தேன். ஒனக்கு வந்தது எனக்கும் வந்துட்டா? காது போச்சுன்னா என்ன செய்ய?"

"நெஞ்சு போச்சுன்னா என்ன செய்ய?" நான் கத்தியதில் உள்ளறையிலிருந்து மகள் ஜெனி ஓடி வந்தாள். "என்ன ஆச்சு மம்மி?"

அவளே அவருடைய இதய மருத்துவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அந்தச் சிறிய அளவு வேறு, வலிக்கு விழுங்கும் அளவு வேறு, தன்னைக் கேட்காமல் ஒருநாளும் நிறுத்தக் கூடாது என்றார் அவர். கணவர் எங்கள் இருவர் முன்னாலும் நின்று மாத்திரையை விழுங்கினார். "போதுமா, தாயே?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் என் வலி மாத்திரைகளை நிறுத்தியதும் முழங்கால்கள் தங்கள் கணக்கைத் தொடங்கின. ஐஸ் வைத்தேன். களிம்பு தேய்த்தேன். பிசியோதெரபிஸ்ட் தொடைத் தசையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தார், அழுதுகொண்டே செய்தேன். தாங்காத நாளில் மட்டும் டாக்டர் சொன்ன அளவில் ஒரு பாராசிட்டமால். மேலதிகாரியிடம் காதைப் பற்றிச் சொல்லி, தடுப்பூசிப் பிரிவுக்கு மாற்றம் கேட்டேன். வேலை போய்விடும் என்று பயந்தேன்; மாற்றம் கிடைத்தது. ஆனால் வார்டு போய்விட்டது. அது இன்னும் வலிக்கிறது.

எந்த நாளில் சத்தம் குறைந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஒருநாள் வலது காதில் அது இல்லை என்பதைக் கவனித்தேன், அவ்வளவுதான். இடது காதில் இருக்கிறது, நூல் மாதிரி. அது அப்படியே தங்கிவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாத்திரை காலத்தில் என் நாள் முழுக்க ஒரே சமதரையாக இருந்தது. இப்போது அதில் மேடும் பள்ளமும் உண்டு. காலையில் மூட்டு இளக நேரம் கொடுக்க வேண்டும். மாலையில் அது போதும் என்னும்போது நிறுத்திக்கொள்ள வேண்டும்.

போன ஞாயிறு ஜெனியோடு புசா ரோட்டில் நடந்தேன். சரக்கொன்றை பூத்திருந்தது. "மம்மி, ஜல்தி" என்று அவசரப்படுத்திக்கொண்டு அவள் முன்னால் போனாள். நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வந்து என் இடப்பக்கம் உட்கார்ந்து, ஆபீஸில் நடந்த ஏதோ ஒன்றைத் தன் பாதித் தமிழில் சொல்லத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து, சுற்றிக்கொண்டு வந்து, வலப்பக்கம் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னாள்.

நீளமான கதை. எனக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை.